வீட்டு எஸ்பிரஸோ மெஷின் மக்கர் செய்தால்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? முழுமையான வழிகாட்டி

எஸ்பிரஸோ மெஷின் நின்றுபோனால் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. அப்படியே தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவார்கள், இல்லாவிட்டால் அன்றைக்கே போனை எடுத்துப் புது மாடல் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டுக்குமே அவசரம் வேண்டாம். இந்த மெஷின்களில் வரும் பழுதுகளில் நிறைய, இறுகிப்போன ஒரு ரப்பர் வளையம், அடைத்துக்கொண்ட ஒரு துளை, எரிந்துபோன ஒரு ஃபியூஸ் என்ற அளவில் முடிந்துவிடும். பழுது எங்கே என்று தெரியாமல் எடுக்கும் முடிவில்தான் காசு வீணாகிறது. அதனால் காசே செலவில்லாத சோதனையில் தொடங்கி, படிப்படியாக உள்ளே போவோம். எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுப் புதிதாக வாங்குவது நல்லது என்பதையும் சொல்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் கைப்பிடியில் பொடி போட்டு அழுத்திப் பூட்டும் வகை மெஷின்களுக்கு. காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா, டெலோங்கி டெடிகா போன்றவை இந்த ரகம். கொட்டையைப் போட்டால் தானே அரைத்துத் தானே இறக்கும் முழுத் தானியங்கி மெஷினும், கேப்சூல் மெஷினும் வேறு கதை.

உள்ளே என்ன நடக்கிறது

தண்ணீர் போகும் பாதை மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டேங்கில் இருந்து பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது. அங்கிருந்து பாய்லருக்கோ தெர்மோபிளாக்குக்கோ போய்ச் சூடாகிறது. பாய்லர் என்பது தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் சின்னப் பாத்திரம். தெர்மோபிளாக்கில் தேக்கம் கிடையாது, குறுகலான பாதையில் ஓடும்போதே சூடாகிவிடும். பிறகு குரூப் ஹெட், அதாவது கைப்பிடி பூட்டும் தலைப்பகுதி. அதன் அடியில் உள்ள ஜல்லடை வழியாகப் பொடியின் மேல் தண்ணீர் இறங்குகிறது.

பெட்டியில் 15 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பம்ப் அதிகபட்சமாகத் தரக்கூடிய அழுத்தம். காபிக்கு வேண்டியது சுமார் 9 பார், தண்ணீரின் சூடு 90 முதல் 96 டிகிரி செல்சியஸ். நல்ல மெஷின்களில் கூடுதல் அழுத்தத்தை டேங்குக்கே திருப்பி அனுப்ப ஒரு வால்வ் இருக்கும். ஆக, தண்ணீர் வர வேண்டும், அழுத்தம் வர வேண்டும், சூடு வர வேண்டும். மூன்றில் எது தவறுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

கவரைத் திறக்கும் முன்

வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பில்லைப் பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கவரைத் திறக்காமல் செய்யும் சோதனைகளை மட்டும் செய்துவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தாலே அங்கே பாதி நேரம் மிச்சமாகும்.

வாரண்டி முடிந்திருந்தாலும், சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, மெஷின் முழுதாக ஆறும் வரை குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். பால் நுரைக்கும் ஸ்டீம் குழாயைத் திறந்து உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ஒரே பெட்டிக்குள் தண்ணீரும் 230 வோல்ட்டும் இருக்கின்றன, அதனால் கவர் திறந்திருக்கும்போது கரண்ட் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். மல்டிமீட்டரில் நான் சொல்லும் அளவுகள் எல்லாமே பிளக் பிடுங்கிய நிலையில் எடுப்பவை.

கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ செட், நல்ல ஸ்பேனர் ஒன்று, சாதாரண மல்டிமீட்டர், பழைய டூத் பிரஷ், ஊசி போடும் சிரிஞ்ச் (ஊசி இல்லாமல்). கழற்றும் ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்பது திரும்பப் பூட்டும்போது ஞாபகம் இருக்காது.

மூன்று ஓட்டம்: முதல் சோதனை

காபி இறங்கவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வரும் புகார்களில் இதுதான் அதிகம். இதற்கு ஐந்து நிமிடத்தில் விடை கண்டுபிடிக்கலாம்.

முதல் ஓட்டம்: கைப்பிடியே இல்லாமல் பட்டனை அழுத்துங்கள். ஜல்லடை முழுவதும் இருந்து தண்ணீர் தாராளமாக மழையாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கோடாக ஒழுகினால் ஜல்லடை அடைத்திருக்கிறது. எதுவுமே வரவில்லை என்றால் கோளாறு மேலே, பம்ப்பிலோ பாய்லரிலோ வால்விலோ.

இரண்டாம் ஓட்டம்: பொடி போடாமல் காலி பாஸ்கெட்டோடு (கைப்பிடிக்குள் இருக்கும் துளையிட்ட கிண்ணம்) கைப்பிடியைப் பூட்டி ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் நன்றாக வந்த தண்ணீர் இதில் நின்றுபோனால் குற்றவாளி பாஸ்கெட். விலை குறைந்த மெஷின்களோடு வரும் இரட்டைச் சுவர் பாஸ்கெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் நிறையத் துளைகள் இருக்கும், அடிப்பக்கம் வெளியேற ஒரே ஒரு நுண்ணிய துளைதான். அந்த ஒரு துளையில் எண்ணெயும் பொடியும் உறைந்துவிட்டால் மெஷின் செத்துப்போனது போலவே தோன்றும். காபி மெஷின் கழுவும் பவுடர் கலந்த சுடுதண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய குண்டூசியால் குத்தி எடுத்தால் வேலை முடிந்தது. பவுடரில் ஊறப்போடும் முன் பாஸ்கெட் ஸ்டீல்தானா என்று பாருங்கள், அலுமினியமாக இருந்தால் கறுத்துவிடும்.

மூன்றாம் ஓட்டம்: வழக்கமான பொடியோடு. முதல் இரண்டும் சரியாக இருந்து இதில் மட்டும் மக்கர் என்றால் மெஷினில் பழுது இல்லை, பொடியில்தான். நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஃபில்டர் காபிக்கு என்று கடையில் அரைத்து வாங்கும் பொடியில் சிக்கரி கலந்திருக்கும். அது ஈரத்தில் பிசுபிசுத்து பாஸ்கெட் துளைகளையும் ஜல்லடையையும் அடைக்கும். எஸ்பிரஸோ மெஷினில் சிக்கரி கலந்த பொடியைப் போடாதீர்கள். கலக்காத கொட்டையை வாங்கி எஸ்பிரஸோ பதத்துக்கு அரையுங்கள். 18 கிராம் பொடியில் இருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்கினால் அளவு சரி. 10 வினாடியில் கொட்டினால் பொடி கரகரப்பு, ஒரு நிமிடம் ஆனால் மிக நைஸ். டெடிகா போன்ற 51 மி.மீ. பாஸ்கெட்டில் 18 கிராம் கொள்ளாது, 14 கிராம் பக்கத்தில் போட்டு அதே விகிதத்தில் பாருங்கள்.

மெஷின் நன்றாக ஓடும் காலத்திலேயே ஒரு வேலை செய்து வையுங்கள். கைப்பிடி இல்லாமல் 30 வினாடி ஓட்டி, எவ்வளவு தண்ணீர் வந்தது என்று எடை போட்டு மெஷினின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அளவு குறைந்திருந்தால் உள்ளே உப்பு படிகிறது என்று அர்த்தம்.

பம்ப்பின் சத்தம்

வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது அதிர்வு பம்ப். காயிலுக்குள் ஒரு பிஸ்டன் ஸ்பிரிங்கோடு முன்னும் பின்னும் அடித்துக்கொண்டே இருக்கும். இத்தாலியின் உல்கா தயாரிப்பை நிறைய கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. இதன் சத்தத்தைக் கேட்டே பாதி விஷயம் சொல்லிவிடலாம்.

சத்தமே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை, அல்லது காயில் போய்விட்டது. பம்ப் மேல் ஒட்டியிருக்கும் சூட்டுப் பாதுகாப்பு அறுந்திருந்தாலும் இப்படித்தான். வழக்கத்தைவிட உரக்க, கடகடவென்று அடித்தும் தண்ணீர் வரவில்லை என்றால் காற்று புகுந்திருக்கிறது. டேங்க் காலியாகும் வரை ஓட்டிய பிறகு இது வரும். ஸ்டீம் குழாயைத் திறந்துவைத்துவிட்டு பம்ப்பை ஓட்டுங்கள், எதிர் அழுத்தம் இல்லாததால் காற்று வெளியேறிவிடும். அப்படியும் வராவிட்டால் டேங்கில் இருந்து வரும் உறிஞ்சு குழாயில் சிரிஞ்சால் தண்ணீரைத் தள்ளிவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வறட்சியாக ஓட விடாதீர்கள். இந்தப் பம்ப்புகள் இரண்டு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய்வு என்ற கணக்கில் செய்யப்பட்டவை.

சத்தம் மந்தமாகி அமுங்கினால் பம்ப் உயிரோடு இருக்கிறது, எதிரே அடைப்பு. அதற்கு பம்ப்பை மாற்றினால் காசுதான் போகும்.

பம்ப்தான் போய்விட்டது என்று உறுதியானால் மாற்றுவது சிரமமில்லை. இரண்டு ஒயர், இரண்டு குழாய், அவ்வளவுதான். லேபிளில் உள்ள வாட், வோல்ட், ஹெர்ட்ஸ் மூன்றையும், வெளியேறும் வாய் பித்தளையா பிளாஸ்டிக்கா என்பதையும் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். ஆர்ஓ மெஷினின் பூஸ்டர் பம்ப்பை மாட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, இந்த அழுத்தத்துக்கு அது செய்யப்படவில்லை. அழுத்தம் உள்ள பக்கத்தில் ஆர்ஓ டியூபும் வேண்டாம்.

உப்பு: நம் ஊர்த் தண்ணீரின் வேலை

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மெஷினைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ஓட்டம் மெல்லக் குறையும், சூடாக அதிக நேரம் எடுக்கும், ஸ்டீம் வலுவிழக்கும். எல்லாம் கூடிவரும்போது டிஸ்கேல் செய்ய வேண்டும், அதாவது படிந்த உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 முதல் 25 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து டேங்கில் ஊற்றுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலே கிடைக்கும். ஹீட்டரைக் கொதிக்க விடாதீர்கள், கொதிக்கும் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற புதுப் படிவம் உருவாகி அடைப்பு இன்னும் மோசமாகும். ஒரு டம்ளர் அளவு குரூப் வழியாக விட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஊறட்டும். அப்புறம் ஸ்டீம் குழாய் வழியாகக் கொஞ்சம். இப்படி மாற்றி மாற்றி டேங்க் காலியாகும் வரை செய்துவிட்டு, இரண்டு டேங்க் நல்ல தண்ணீரை விட்டு அலசுங்கள். வினிகர் வேண்டாம், வாடை நாள்கணக்கில் போகாது, ரப்பருக்கும் நல்லதில்லை. அலுமினிய பாய்லர் என்றால் ஆசிட்டை மணிக்கணக்கில் ஊறப்போடக் கூடாது. பித்தளை, செம்பு பாய்லரில் இருந்து நீலப்பச்சையாகத் தண்ணீர் வந்தால் உலோகமே கரைகிறது, உடனே அலசிவிடுங்கள்.

பெரிய ஈ61 ரக (கனமான பித்தளைக் குரூப் ஹெட் கொண்ட) மெஷின்களையும் இரட்டை பாய்லர் மெஷின்களையும் வீட்டில் டிஸ்கேல் செய்ய நான் சொல்ல மாட்டேன். பெயர்ந்து வரும் துண்டுகள் குறுகிய துளைகளில் போய்ச் சிக்கும். அவற்றுக்கு ஆரம்பத்தில் இருந்தே நல்ல தண்ணீர் ஊற்றுவதுதான் வழி.

நல்ல தண்ணீர் என்றால் ஆர்ஓவா? முழுக்க ஆர்ஓவும் சிக்கல்தான். தாது இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், உலோகத்தையும் அரிக்கும், மின்கடத்தலை வைத்து நீர்மட்டம் பார்க்கும் மெஷின்கள் டேங்க் காலி என்று நினைத்துக்கொள்ளும். ஸ்பெஷாலிட்டி காபி சங்கத்தின் தர அளவுகோலில் டிடிஎஸ் இலக்கு 150, ஏற்கத்தக்க எல்லை 75 முதல் 250. ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து, டிடிஎஸ் மீட்டரில் நூறு பக்கம் கொண்டுவந்தால் போதும். ஆனால் டிடிஎஸ் என்பது எல்லா உப்பின் மொத்தம், பாய்லரில் படிவது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். கலக்கும் தண்ணீர் கடினமானது என்றால் டிடிஎஸ் எண் நன்றாக இருந்தாலும் கெட்டிலின் அடியை அவ்வப்போது பாருங்கள். அங்கே வெள்ளை படிந்தால் மெஷினுக்குள்ளும் படிகிறது.

ஓரத்தில் ஒழுகினால்: கேஸ்கட்

கைப்பிடியைச் சுற்றிலும் தண்ணீர் பிதுங்கி வழிகிறதா? குரூப் கேஸ்கட் முடிந்துவிட்டது. தினமும் சூட்டில் வேகும் ரப்பர் வளையம் அது, வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டிய பொருள். ஒழுகும் முன்பே அடையாளம் தெரியும்: பூட்டினால் நேர் நடுவுக்கு வந்து நிற்க வேண்டிய கைப்பிடி, வலப்பக்கம் தாண்டிக்கொண்டு போகும்.

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் இதைச் செய்தவருக்கு மெஷின் மேல் இருக்கும் பயம் போய்விடும். மெஷின் ஆறியதும், முடிந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, பின்பக்கமாகச் சாய்த்துக் குரூப் ஹெட் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். ஜல்லடையின் நடுவில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றினால் அது கையோடு வரும். அதற்குப் பின்னால் ஒரு தட்டு இருந்தால் ஆலன் கீயால் அதையும் கழற்றுங்கள். இத்தனை நாள் குடித்த காபி எதன் வழியாக வந்தது என்று அப்போது தெரியும்: ஜல்லடையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகத் தார் பிடித்திருக்கும். அதைக் கழுவும் பவுடர் கலந்த சுடுதண்ணீரில் போட்டுவிட்டு வளையத்துக்கு வாருங்கள்.

புதிதாக இருந்தபோது நகத்தால் அழுத்தினால் குழிந்த ரப்பர், இப்போது கண்ணாடி வளையல் போல் இறுகிப்போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெரும்பாலும் வராது, பலமாக நெம்பினால் பள்ளத்தின் ஓரம் கீறிவிடும். அந்தக் கீறல் வழியாகப் புது கேஸ்கட்டும் ஒழுகும். அதனால் சின்ன மர ஸ்க்ரூ ஒன்றை ரப்பருக்குள் பாதி ஆழம் மட்டும் திருகி, அதன் தலையைக் குறடால் பிடித்து நேராகக் கீழே இழுங்கள். வரவில்லை என்றால் எதிர்ப்பக்கம் இன்னொன்று. உடைந்து துண்டு துண்டாக வந்தாலும் பரவாயில்லை. பிறகு பள்ளத்தில் ஒட்டியிருக்கும் கரியை மரக் குச்சியாலும் டூத் பிரஷ்ஷாலும் சுரண்டி, விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும் வரை துடையுங்கள். இந்தச் சுத்தத்தில்தான் வேலையின் வெற்றி இருக்கிறது.

புது வளையம் வாங்கும்போது மாடலைச் சொல்லி வாங்குங்கள். வெளி விட்டம், உள் விட்டத்தோடு தடிமனும் பொருந்த வேண்டும், காஜியா கிளாசிக்குக்கு அது 8.5 மி.மீ. சிலிக்கான் கேஸ்கட் கிடைத்தால் அதையே போடுங்கள், ரப்பர் அளவுக்குச் சீக்கிரம் இறுகாது. சாய்வாக வெட்டிய ஓரம் இருந்தால் பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே வையுங்கள். விரலால் சுற்றிலும் சமமாக அழுத்தி உட்காரவைத்து, ஜல்லடையை மாட்டிவிட்டுக் கைப்பிடியை மெல்லப் பூட்டினால் அது தன் இடத்தில் பொருந்திவிடும். முதல் சில நாள் கைப்பிடி நடுவுக்கு முன்பே நிற்கும், பலம் காட்டாதீர்கள்.

ஈரப் பொடியும் வெடிக்கும் கைப்பிடியும்

காஜியா, சில்வியா போன்றவற்றில் மூவழி சொலினாய்டு வால்வ் (கரண்டில் திறந்து மூடும் வால்வ்) இருக்கும். காபி இறக்கி முடித்ததும் மிச்ச அழுத்தத்தை அடியில் உள்ள சொட்டுத் தட்டுக்கு விடுவது அதன் வேலை, அப்போது வரும் 'ஸ்ஸ்' சத்தம் அதனுடையதுதான். அந்தச் சத்தம் நின்று, பொடி சேறாக இருந்து, கைப்பிடியைக் கழற்றும்போது பொடி தெறித்தால் வால்வ் அடைத்திருக்கிறது. காபி இறங்கும்போதே தட்டுக்குத் தண்ணீர் ஓடினால் வால்வ் முழுதாக மூடவில்லை.

முதலில் பேக்ஃபிளஷ் செய்து பாருங்கள். துளையில்லாத பாஸ்கெட்டில் 3 கிராம் கழுவும் பவுடர் போட்டுப் பூட்டி, பத்து வினாடி ஓட்டி நிறுத்துங்கள். நான்கைந்து தடவை இப்படி. பிறகு பவுடர் இல்லாமல் அதே மாதிரி அலசுங்கள். சரியாகவில்லை என்றால் வால்வைக் கழற்றி உள்ளே உள்ள சின்ன ஊசித்துளையைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். மூவழி வால்வ் இல்லாத மெஷின்களில் பேக்ஃபிளஷ் செய்யக் கூடாது, அழுத்தம் வெளியேற வழி இருக்காது.

சூடே ஏறவில்லை

விளக்கு எரிகிறது, பம்ப் ஓடுகிறது, தண்ணீர் சூடே இல்லாமல் வருகிறது. இப்போது மல்டிமீட்டரை எடுங்கள்.

ஹீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு முனைகளுக்கிடையே ஓம் அளவு பாருங்கள். எவ்வளவு காட்ட வேண்டும் என்பது எளிய கணக்கு: 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900. அதை ஹீட்டரின் வாட்டால் வகுங்கள். 1300 வாட் என்றால் சுமார் 41 ஓம், 1000 வாட் என்றால் 53. அந்த அளவுக்குப் பக்கத்தில் காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது. எதுவுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது.

ஹீட்டர் நன்றாக இருந்தால் அடுத்தது தெர்மல் ஃபியூஸும் (சூடு மிஞ்சினால் அறுந்துவிடுவது) தெர்மோஸ்டாட்டும் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்). ஆறிய நிலையில் இரண்டுமே ஓட்டம் காட்ட வேண்டும், அதாவது பூஜ்யம் ஓம் பக்கத்தில். பழைய காஜியா கிளாசிக்கில் காபிக்கு 107 டிகிரி, ஸ்டீமுக்கு 145 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கும். சில்வியாவில் ரீசெட் பட்டன் உள்ள பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் உண்டு, சில நேரம் அதை அழுத்துவதே போதும். தெர்மல் ஃபியூஸ் ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான். அதே டிகிரியில் புதிது வாங்க வேண்டும். சென்னையில் என்றால் ரிட்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பாருங்கள். இணைக்கும்போது சால்டரிங் வேண்டாம், அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் அறுந்துபோகும். கிரிம்ப் செய்துதான், அதாவது உலோக இணைப்பியை அழுத்தி நசுக்கித்தான் இணைக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் ஒயரைப் போட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் பாய்லர் காய்ந்தால் தீப்பிடிக்காமல் தடுப்பது அந்த ஒன்றுதான்.

ஃபியூஸ் ஏன் அறுந்தது என்பதையும் பாருங்கள். நிறையப் பால் நுரைத்துவிட்டு பாய்லரை நிரப்பாமல் விடுவது வழக்கமான காரணம். ஸ்டீம் போட்டு முடித்ததும் ஸ்டீம் சுவிட்சை அணைத்து, பம்ப்பைச் சில வினாடி ஓட்டித் தண்ணீர் நிரப்புங்கள்.

மெஷினில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை என்றால் வால் சாக்கெட், பிளக், கார்டு என்று வெளியில் இருந்து தொடங்குங்கள். 1450 வாட் மெஷின் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அது 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். வோல்டேஜ் திடீரென்று எகிறிய நாளில் இருந்து மெஷின் வேலை செய்யவில்லை என்றால் போர்டில் உள்ள ஃபியூஸும் வேரிஸ்டர் என்ற வட்டப் பொருளும் போயிருக்கும். வேரிஸ்டர் கறுத்து வெடித்திருப்பது கண்ணுக்கே தெரியும். நல்ல டிவி மெக்கானிக் ஒருவர் அதை மாற்றிவிடுவார். போர்டு முழுதும் போய்விட்டது, புது போர்டு போட வேண்டும் என்று சொல்வதற்கு முன் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டு மெயினே ட்ரிப் ஆனால்

மெஷினைப் போட்டதும் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. ஹீட்டர் முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். எல்லை தாண்டியது (OL) என்று மீட்டர் காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டினாலே ஹீட்டர் முடிந்தது. மீட்டரில் நன்றாகத் தெரிந்தும் ட்ரிப் ஆனால் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பார்க்க வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை. எங்கேயாவது ஒழுகிய தண்ணீர் முனைகளில் பட்டிருந்தாலும் ட்ரிப் ஆகும். ஒழுக்கை அடைத்து, இரண்டு நாள் காயவைத்துப் பாருங்கள். எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டும் யோசனையைக் கேட்கவே கேட்காதீர்கள்.

அமெரிக்காவில் இருந்து வந்த மெஷின்

மகனோ மகளோ ஊருக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்த மெஷின் நிறைய வீடுகளில் இருக்கிறது. சிங்கப்பூர், துபாய், லண்டன் மெஷின் என்றால் பிளக்கை மாற்றினால் போதும், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க மெஷின் 120 வோல்ட். அதை நேராக இங்கே சொருகினால் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கும் அதிகமான பவரை இழுத்து எரிந்துபோகும். 2000 விஏ அளவுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அப்படியும் அங்கே 60 ஹெர்ட்ஸில் அடித்த பம்ப் இங்கே 50இல் அடிக்கும், ஓட்டம் மாறும். ஏற்கெனவே எரிந்த அமெரிக்க மெஷின் என்றால், ஹீட்டர், பம்ப், சொலினாய்டு மூன்றையும் 230 வோல்ட் ரகத்துக்கு மாற்றும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். காஜியா, சில்வியா போல எளிமையான மெஷினுக்கு அது தகும். போர்டு நிறைந்த மெஷினுக்குத் தகாது.

சரி, பழுது பார்ப்பதா மாற்றுவதா?

இப்போது கையில் விடை இருக்கிறது. கேஸ்கட், ஓ-ரிங், ஜல்லடை, தெர்மல் ஃபியூஸ், தெர்மோஸ்டாட், பம்ப், அடைத்த வால்வ்: யோசிக்கவே வேண்டாம், சரிசெய்யுங்கள். ஹீட்டர் தனியாகக் கிடைக்கும் மெஷின் என்றால் அதுவும் அப்படியே. சில்வியா 1997இல் இருந்தும் காஜியா கிளாசிக் 1991இல் இருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. மாடலில் மாற்றங்கள் வந்தாலும் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. இந்த மாதிரி மெஷினைத் தூக்கிப் போட எனக்கு மனசே வராது.

தெர்மோபிளாக் உடைந்து கசிகிறது, அலுமினிய பாய்லர் அரித்துக் குழி விழுந்துவிட்டது, மெயின் போர்டு கிடைக்கவே இல்லை: இவற்றில் கையை எடுத்துவிடலாம். பாகமும் கூலியும் சேர்ந்து அதே மாதிரி புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டினாலும் நான் மாற்றச் சொல்வேன். உதிரி பாகம் கேட்டால் ஒரே வார்த்தையில் கிடையாது என்று சொல்லும் கம்பெனி என்றால் பாதிக்கும் கீழேயே நிறுத்திவிடுங்கள், அடுத்த பழுதிலும் அதே பதில்தான் வரும். அதற்கு முன், ஆபீஸ் வெண்டிங் மெஷின் சர்வீஸ் செய்பவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பம்ப்பும் சொலினாய்டும் அவருக்கு அன்றாடப் பொருள்.

பழுதே இல்லாமலும் மாற்ற வேண்டிய நேரம் ஒன்று உண்டு. காலையில் ஐந்து பேருக்குப் பால் காபி வேண்டும், மெஷினில் ஒரே சின்ன பாய்லர். ஒவ்வொரு தடவையும் காபிச் சூட்டில் இருந்து ஸ்டீம் சூட்டுக்கு ஏற்றி, மறுபடி ஆறவைத்து என்று நிற்க வேண்டும். அந்த வீட்டுக்கு இரட்டை பாய்லரோ ஹீட் எக்ஸ்சேஞ்சரோ (ஸ்டீம் பாய்லருக்குள்ளேயே காபித் தண்ணீரையும் சூடாக்கும் குழாய்) உள்ள மெஷின்தான் சரி.

புதிதாக வாங்கும்போது

பார் எண்ணிக்கையையும் தொடுதிரையையும் பார்க்காதீர்கள். பாஸ்கெட் 58 மி.மீ. என்ற பொது அளவில் இருக்கிறதா, சாதாரண ஒற்றைச் சுவர் பாஸ்கெட் மாட்ட முடியுமா, மூவழி வால்வ் இருக்கிறதா, கேஸ்கட்டும் பம்ப்பும் இந்தியாவில் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கடையில் மெஷினைத் திருப்பி ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கழற்றவே முடியாதபடி செய்த மெஷினை வாங்காதீர்கள்.

கையில் இருக்கும் பணம் மொத்தத்தையும் மெஷினுக்கே போடாமல் நல்ல கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். சுமாரான மெஷினும் நல்ல கிரைண்டரும் சேர்ந்தால் காபி நன்றாக வரும். எதிர்ப்பக்கம் அது நடக்காது. ஒருவர் இருவர் மட்டும் குடிக்கும் வீடு, பால் நுரை முக்கியமில்லை என்றால் ஃப்ளேர், கஃபேலாட் ரோபோ போன்ற கையால் அழுத்தும் மெஷின்களை யோசியுங்கள். கரண்டும் இல்லை, பம்ப்பும் இல்லை, கெட்டிலில் சுடவைத்த தண்ணீரை ஊற்றிக் கையால் அழுத்துவதுதான். கெட்டுப்போக ரப்பர் வளையங்களைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை.

பழைய மெஷினைப் பரணில் ஏற்றாதீர்கள். பம்ப், சொலினாய்டு, கைப்பிடி, பாஸ்கெட் நன்றாக இருந்தால் அதே மாடல் வைத்திருப்பவருக்கு அவை தேவைப்படும், பாகங்களாகவே விற்றுவிடலாம். மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கீகாரம் பெற்ற ஈ-வேஸ்ட் மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள ஈ-வேஸ்ட் விதிகளின்படி மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் உண்டு, அதனால் புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கொடுக்கும் முன் டேங்கையும் பாய்லரையும் வடித்துவிட்டு, கார்டைச் சுற்றிக் கட்டிக் கொடுங்கள்.